பெங்களூரில் நாட்டா கோச்சிங்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கட்டடக்கலைப் பட்டப் படிப்பான பி.ஆர்க்.குக்கு எழுதும் நாட்டா நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடங்கள் ஜெயநகர், மல்லேஸ்வரம், இந்திராநகர், கோரமங்களா என்று பெங்களூரில் நாலு பக்கமும் இருக்கின்றன. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிவைக்காமல், இந்தச் சேவையில் என்னென்ன விற்கிறார்கள், அதில் எது காசுக்குப் பெறும் என்று மட்டும் இங்கே பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை போட்ட படத்தைத் திருத்தித் தருவதற்குப் பணம் கொடுங்கள். கணக்கு, பொது அறிவு, புத்தக மூட்டை, ‘அட்மிஷன் கைடன்ஸ்’ ஆகியவற்றுக்குக் கொடுக்காதீர்கள். அதிலும் கடைசி அயிட்டம் வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை. அல்சூர், பானஸ்வாடி, ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதனால் கிடைக்க வேண்டிய சீட்டே கை நழுவலாம்.

தேர்வு என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் வகுப்பை எடைபோட முடியும். நாட்டாவை 2006 முதல், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துகிறது. 2025 அமைப்பில் மொத்தம் 200 மதிப்பெண். ஏ பகுதி கையால் வரைவது: 90 நிமிடம், 80 மதிப்பெண், மூன்று கேள்விகள். வண்ண அமைப்புக்கு 25, கறுப்பு வெள்ளைக் காட்சிப் படத்துக்கு 25, மையத்தில் தரும் பொருள்களை வைத்துச் செய்யும் முப்பரிமாண அமைப்புக்கு 30. பி பகுதி கணினியில்: இன்னொரு 90 நிமிடம், 120 மதிப்பெண், கேள்விக்கு 108 விநாடி. ஏ-யில் 20, பி-யில் 30, மொத்தத்தில் 60 வந்தால் தகுதி. தகுதி வேறு, சீட் வேறு. 60 வாங்கியவருக்கு நல்ல கல்லூரி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் படியைவிட்டு இறங்கிவிடலாம்.

இன்னொன்றையும் முதல் நாளே விசாரியுங்கள். 2021 முதல் 2023 வரை நாட்டாவில் கைவரைதலே இல்லை, முழுக்கக் கணினியில் குறியிடும் தேர்வாக இருந்தது. அந்தக் காலத்தில் அச்சடித்த கேள்வி வங்கியை அட்டை மாற்றி இன்றைக்கும் கொடுக்கிற இடங்கள் உண்டு. “மெட்டீரியல் எந்த வருஷத்து பேட்டர்ன்?” என்று கேளுங்கள். முப்பரிமாண அமைப்புக்குத் தனி வகுப்பு இல்லாத இடத்தில் 30 மதிப்பெண்ணுக்குப் பயிற்சி இல்லை என்று அர்த்தம்.

மூன்று ரகம்

ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஒரு ரகம். கால அட்டவணை, மாதிரித் தேர்வு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் கிளைக்குக் கிளை வரைதல் ஆசிரியர் வேறு. பிராண்டுக்காகச் சேர்ந்தாலும் கிடைப்பது அந்தக் கிளையில் இருக்கும் அந்த ஒரு ஆள்தான். அவர் பெயரையும் அவர் எங்கே பி.ஆர்க். படித்தார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சேரக்கூடாது.

இரண்டாவது, ஒரு ஆர்க்கிடெக்ட் தன் ஆபீஸ் மாடியிலோ வீட்டுக் கார் ஷெட்டிலோ பத்துப் பதினைந்து பேரை வைத்து சனி ஞாயிறில் நடத்துவது. வரைதலுக்கு என் ஓட்டு இதற்குத்தான், அவரே உட்கார்ந்து திருத்தும்வரை. சைட்டில் கான்கிரீட் போடும் நாளில் அவர் வரமாட்டார், அவரிடம் வேலை பார்க்கும் மூன்றாம் வருட மாணவர் வகுப்பெடுப்பார். அதில் தப்பில்லை, தேர்வு அவருக்குத்தான் புதிதாக நினைவிருக்கும். ஆனால் அவருக்குத் திருத்தத் தெரியாது, தன் பாணியைக் காப்பியடிக்கச் சொல்லிக் கொடுப்பார். மாதத்தில் ஒரு வாரம் இப்படிப் போனால் பரவாயில்லை, மூன்று வாரம் போனால் கட்டணம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது ஆன்லைன். பதிவு செய்த வீடியோக்கள் சுமார். படத்தைப் போனில் எடுத்து அனுப்பும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் 2பி பென்சிலும் 6பி பென்சிலும் ஒரே சாம்பலாகத் தெரியும், கோட்டின் அழுத்தம் தெரியாது, விளிம்புக் கோடுகள் லென்ஸால் வளையும். திருத்துபவர் பார்ப்பது வேறு படம். ஆனால் ஒயிட்ஃபீல்டில் இருந்து ஜெயநகர் போக, ஏ3 போர்டைத் தூக்கிக்கொண்டு பர்ப்பிள் லைனில் ஏறி, மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி, திரும்பி வருவதற்குள் சனிக்கிழமை முடிந்துவிடும் என்றால், வாரம் ஒருமுறை நேரிலும் மற்றது ஆன்லைனிலும் என்கிற ஏற்பாடு தேவலை. படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் தரையில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

திருத்தம் என்றால் என்ன

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். கேள்வி: மழை விட்ட சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் தெரு. ஏ4 தாளைப் படுக்கைவசத்தில் வைத்து மாணவர் வரைந்திருக்கிறார். கடைகளின் ஷட்டர் கோடுகளெல்லாம் தாளின் அடியிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருகின்றன. ஆகவே பார்ப்பவரின் கண்மட்டம் 9 செ.மீ. ஆனால் அதே தெருவில் வரும் பஸ்ஸின் ஜன்னல் கோடுகள் 12 செ.மீ. உயரத்தில் சேருகின்றன. பஸ் வேறொரு உலகத்தில் ஓடுகிறது. தூரத்தில் ஒருவர் நிற்கிறார், பாதம் 7 செ.மீ.-இல், தலை 12 செ.மீ.-இல். பாதத்திலிருந்து கண்மட்டம் வரை 2 செ.மீ. அது நிஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அப்படியென்றால் 5 செ.மீ. உயரமுள்ள அந்த ஆள் கிட்டத்தட்ட நாலு மீட்டர், மனிதர் கடை போர்டுக்கு மேலே வளர்ந்துவிட்டார். சமதரைத் தெருவில் நின்று பார்த்தால், நிற்கும் பெரியவர்கள் எல்லாருடைய கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வரும். தூரத்தில் இருப்பவருக்குக் கால்தான் மேலே ஏறும். மாடியிலிருந்து பார்க்கும் காட்சி என்றால் கண்மட்டம் எல்லார் தலைக்கும் மேலே போகும்.

அதே தாளில் மரத்தடியில் கத்தி மாதிரி கூரான நிழல் போட்டிருக்கிறது. மழை விட்ட மேகமூட்டத்தில் அப்படி விழாது. தெருவிளக்கு எரிகிறது என்று காட்டினால் நிழல்கள் விளக்குக் கம்பத்தின் அடியிலிருந்து விசிறிபோல விலகிப் போக வேண்டும், எல்லாம் ஒரே பக்கம் சாயக்கூடாது. ஈரச் சாலையில் பிரதிபலிப்பு சாயவே சாயாது, பொருளுக்கு நேர் கீழே, தலைகீழாக விழும். மழை என்று கேள்வியிலேயே இருக்கும்போது அந்தப் பிரதிபலிப்பு ஒன்று போதும், மாணவர் கேள்வியைப் புரிந்துகொண்டார் என்று காட்ட.

நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? ஸ்கேலை வைத்து பஸ் கோடுகளை நீட்டிச் சிவப்புப் பென்சிலில் காட்டுவார். தாள் மேல், அடியில் இருப்பது தெரியும் பட்டர் பேப்பரைப் போட்டு, மூன்று நிமிடத்தில் பஸ்ஸையும் ஆளையும் சரியான மட்டத்தில் திரும்ப வரைவார். மாணவர் அடுத்த வாரம் அதே கேள்வியைத் திரும்பப் போட்டு வர வேண்டும். மோசமான இடத்தில் கிடைப்பது “நல்லா இருக்கு, ஷேடிங் இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணு” என்கிற ஒரு வரி. அந்த வரிக்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆகவே விசாரிக்கப் போகும்போது டெமோ வகுப்பில் உட்கார வேண்டாம். டெமோ எல்லா இடத்திலும் பிரமாதமாகத்தான் இருக்கும். போன வருட மாணவர் ஒருவரின் ஃபைலை முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை காட்டச் சொல்லுங்கள். எத்தனை தாளில் சிவப்புக் கோடு இருக்கிறது, ஒரே கேள்வி திருத்தத்துக்குப் பிறகு மறுபடி வரையப்பட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். ஃபைல் இல்லை, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றால், அலமாரியில் பத்துத் தாள்கூட வைத்திருக்காத ஸ்டுடியோவைப் பற்றி முடிவெடுக்க அதுவே போதும்.

பேட்ச் அளவைக் கேட்டால் எல்லாரும் “லிமிடெட் பேட்ச்தான் மேடம்” என்பார்கள். எண்ணைக் கேளுங்கள். இரண்டு மணி நேர வகுப்பு 120 நிமிடம். 12 பேர் என்றால் தாளுக்குப் பத்து நிமிடம். 40 பேர் என்றால் மூன்று நிமிடம், அதில் பிள்ளை தாளை எடுத்து நீட்டவே அரை நிமிடம் போய்விடும். 15-க்கு மேல் ஆட்கள் இருந்து ஒரே ஆசிரியர் என்றால் அங்கே நடப்பது டியூஷன். கட்டணத்தை ஒப்பிடவும் இதுதான் வழி: மொத்தக் கட்டணத்தைத் திருத்தப்படும் தாள்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 30,000 ரூபாய் வாங்கி 100 தாள் திருத்தும் இடம் தாளுக்கு 300. 20,000 வாங்கி 20 தாள் திருத்தும் இடம் தாளுக்கு 1,000. மலிவாகத் தெரிந்ததுதான் மூன்று மடங்கு விலை.

மனப்பாட உருவங்கள் இன்னொரு வியாதி. பலூன்காரர், ஆட்டோ, தென்னைமரம், குடை பிடித்த பெண் என்று ஏழெட்டு உருவங்களைப் பழக்கி, எந்தக் கேள்வி வந்தாலும் அவற்றை ஒட்டச் சொல்லும் வகுப்புகள் நிறைய. ஆஸ்பத்திரி வராந்தா கேட்டாலும் பலூன்காரர் வந்துவிடுவார். நல்ல இடங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ரஸ்ஸல் மார்க்கெட் வாசலிலோ அல்சூர் ஏரிக்கரையிலோ உட்காரவைத்து, நகரும் ஆட்களை ஒரு நிமிடத்துக்கு ஒருவராக வரைய வைக்கும். அந்தப் பழக்கம் இருக்கும் இடத்துக்கு இன்னும் ஒரு மதிப்பெண் போடலாம்.

வண்ணம், அட்டை, நேரம்

வண்ணக் கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் நிபந்தனையைப் படிக்காததால். மூன்று நிறம் என்றால் மூன்றுதான், கொடுத்த வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்றால் ஏறக்கூடாது. நிபந்தனையை அடிக்கோடிட வைத்துப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். தேர்வில் உலர் வண்ணம் மட்டும்தான் அனுமதி, வாட்டர்கலர் கற்றுத் தருவதாகப் பெருமைப்படும் வகுப்பு தேர்வுக்குச் சம்பந்தமில்லாததை விற்கிறது. கலர் பென்சிலில் வரும் வழக்கமான தப்பு, முதல் பூச்சிலேயே அழுத்தித் தேய்ப்பது. தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டு மேலே இரண்டாவது நிறம் ஏறாமல் வழுக்கும். லேசாக இரண்டு திசையில் குறுக்குக் கோடாகப் பூசி, அடர் நிறத்தைக் கடைசியில் வைக்க வேண்டும்.

முப்பரிமாண அமைப்புக்கு மையத்தில் என்ன பொருள் தருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பசையில்லாமல் நிற்க வைக்கும் வித்தைகள் கைவசம் இருக்க வேண்டும். தட்டை அட்டை நிற்காது, ஒரு மடிப்பு மடித்தால் நிற்கும், முக்கோணக் குழலாக மடித்தால் எடையும் தாங்கும். இரண்டு அட்டைகளைக் குறுக்காகச் செருக, 6 செ.மீ. உயரத் துண்டுகள் என்றால் ஒன்றில் மேலிருந்து 3 செ.மீ., மற்றதில் கீழிருந்து 3 செ.மீ. வெட்டு. வெட்டின் அகலம் அட்டையின் தடிமன் அளவுதான். கத்திக் கோடு மட்டும் போட்டால் தடித்த அட்டை செருகும் இடத்தில் கிழிந்து வளையும். அகலம் கூடினால் ஆடும். ஐவரி போர்டில் இதை இருபது முறை செய்தவருக்குத் தேர்வில் கை நடுங்காது. உயரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லாமல் ஒன்று ஓங்கி நிற்க வேண்டும், நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கமும் முதுகு மாதிரி வெறிச்சோடிக் கிடக்கக் கூடாது.

90 நிமிடத்தை 25, 30, 30 என்று பிரித்து 5 கையில் வைப்பது நியாயமான கணக்கு. நடப்பது என்ன? வண்ணம் பூசும் சுகத்தில் முதல் கேள்விக்கே 45 நிமிடம் போகும், அதிக மதிப்பெண் உள்ள மூன்றாவதுக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். இதைக் குணப்படுத்த ஒரே மருந்து முழு நேர மாதிரித் தேர்வு. இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது, கடிகாரம் வைத்து, மூன்று கேள்வியும் சேர்த்து நடத்தாத வகுப்புக்கு மதிப்பெண் குறைக்கலாம்.

பி பகுதிக்கு வகுப்பு தேவையில்லை. பள்ளிக் கணக்கு, வடிவத் தர்க்கம், மொழி, கட்டடக்கலை பற்றிய பொது அறிவு, இவை வீட்டில் பயிற்சி செய்யக் கூடியவை. நானூறு பக்கப் பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதற்கு, லால்பாகின் கண்ணாடி மாளிகை, சார்லஸ் கொரியா வடிவமைத்த விஸ்வேஸ்வரய்யா சென்டர், 2018-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற பி.வி. தோஷியின் ஐ.ஐ.எம். வளாகம் என்று ஊரிலேயே இருப்பவற்றைப் படத்தோடு தெரிந்து வைப்பது மேல்.

‘ஐ.ஐ.டி. ஆர்க்கிடெக்சர் பேட்ச்’ என்று விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.யில் பி.ஆர்க். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறிய பிறகுதான் ஏ.ஏ.டி. என்ற கட்டடக்கலைத் திறனறித் தேர்வை எழுத முடியும். என்.ஐ.டி.க்களுக்கும், எஸ்.பி.ஏ. எனப்படும் மத்திய அரசின் கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கும் ஜே.இ.இ. மெயின் பேப்பர் 2ஏ: கணக்கு 100, ஆப்டிட்யூட் 200, வரைதல் இரண்டு கேள்விகள் 100, மொத்தம் 400, மூன்று மணி நேரம். நாட்டாவின் வரைதல் பயிற்சி இதற்கும் உதவும், தனிக் கட்டணம் நியாயமில்லை.

மூட்டையும் கட்டணமும்

சேரும்போதே ஒரு ‘கிட்’ தலையில் கட்டுவார்கள். டி-ஸ்கொயர், ஏ1 போர்டு, மினி டிராஃப்டர், டெக்னிக்கல் பேனா. இவை கல்லூரியில் சேர்ந்த பிறகு, அதுவும் அந்தக் கல்லூரி கொடுக்கும் பட்டியல்படி வாங்க வேண்டியவை. தேர்வுக்குத் தேவை எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், 24 கலர் பென்சில், ஒரு பெட்டி ஆயில் பேஸ்டல், 15 செ.மீ. ஸ்கேல், நல்ல ரப்பர், 120 முதல் 150 ஜி.எஸ்.எம். வரை கார்ட்ரிட்ஜ் தாள், பயிற்சிக்கு ஐவரி போர்டும் கட்டரும். அவென்யூ ரோடு மொத்தக் கடைகளில் ஒரு நடை போனால் முடிந்தது. 8பி வேண்டாம், கைபட்டால் தாளெல்லாம் கரி.

கோச்சிங் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன தொகை வரியோடு சேர்த்தா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். நடுவில் விலகினால் மிச்ச நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ‘நான்-ரிஃபண்டபிள்’ என்று சிறிய எழுத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைச் சொல்லிப் பாருங்கள். முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாமல் இருப்பது அதைவிடப் பாதுகாப்பு.

வாசலில் தொங்கும் டாப்பர் படங்களுக்கும் விதி வந்திருக்கிறது. 2024 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, தேறியவரின் சம்மதமில்லாமல் படம் போடக்கூடாது, அவர் எந்தக் கோர்ஸ் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும், இடம் நிச்சயம் என்று வாக்குறுதி கொடுக்கக் கூடாது. ஒரே பிள்ளையின் முகம் இரண்டு தெருவில் இரண்டு வகுப்பின் போர்டில் சிரித்தால், ஒன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருப்பார். புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

‘அட்மிஷன் கைடன்ஸ்’: இங்கேதான் கவனம்

பேக்கேஜில் கடைசி வரியாக வரும் இந்தச் சேவையில், வகுப்பின் ஆள் உங்கள் சார்பில் படிவங்களை நிரப்புவார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடக் குடும்பத்துக்கு அது ஓரளவு ஓடும். தமிழ்க் குடும்பத்தில் எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்விக்கு மூன்று அமைப்புகள் மூன்று விதமாகப் பதில் வைத்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக் அடிக்கும் ஆளிடம் இதை விடக் கூடாது.

கர்நாடக அரசு ஒதுக்கீட்டுக்கு கே.இ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்) பெரும்பாலும் பார்ப்பது படிப்பை. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை குறைந்தது ஏழு முழு வருடங்கள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே தேறியிருக்க வேண்டும். அப்பாவுக்குத் தமிழ்நாட்டு ஆதார் என்பது தடையில்லை. ஆனால் படிப்புச் சான்றிதழ் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வாங்கி, அதில் வட்டாரக் கல்வி அதிகாரியான பி.இ.ஓ.வின் மேல்கையெழுத்தும் வேண்டும். இங்கே மூன்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு மூன்று சான்றிதழ். இதை ஏப்ரலில் ஆரம்பித்தால் பள்ளி விடுமுறை, தலைமையாசிரியர் ஊரில் இல்லை. ஜனவரியிலேயே வாங்கி வைக்கவும். சாதி, வருமானச் சான்றுகளுக்கு, ‘நாட கச்சேரி’ எனப்படும் கர்நாடக வருவாய்த் துறை அலுவலகம் தரும் சான்றில் இருக்கும் ஆர்.டி. எண் தேவை. தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றைக் காட்டிக் கர்நாடக இடஒதுக்கீடு கேட்க முடியாது. அதைப் பதிவேற்றினால் வரிசை பொதுப்பிரிவுக்குப் போகும், விண்ணப்பம் தாமதமாகும்.

தமிழ்நாடு அரசு கலந்தாய்வு வேறு கதை. எட்டு முதல் பன்னிரண்டு வரை வெளி மாநிலத்தில் படித்தாலும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்ற நேட்டிவிட்டி சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வேறு மாநிலத்தில் பூர்வீகம் கோரியிருக்கக் கூடாது. சான்றிதழ் சொந்த ஊர்த் தாசில்தாரிடமிருந்து, இ-சேவை வழியாக. கிண்டி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் போன்ற இடங்களுக்கு வாசல் இதுதான். இது இருப்பதையே பெங்களூரின் பல வகுப்புகள் சொல்வதில்லை. சொல்லி அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.

மூன்றாவது என்.ஐ.டி. இங்கே பூர்வீகமும் இல்லை, ஏழு வருடக் கணக்கும் இல்லை. பன்னிரண்டாவது எந்த மாநிலத்தில் தேறினாரோ அதுவே அவர் மாநிலம். ஆக, மதுரைப் பூர்வீகமுள்ள பிள்ளை பெங்களூரில் பன்னிரண்டாவது முடித்தால் திருச்சி என்.ஐ.டி.யின் சொந்த மாநில ஒதுக்கீடு கிடையாது, வெளிமாநிலப் பட்டியலில்தான் வருவார். கர்நாடகத்தின் சூரத்கல் என்.ஐ.டி.யில் பி.ஆர்க். இல்லை. ஆகவே இங்கே படித்தவருக்குச் சொந்த மாநிலச் சலுகை என்று ஒன்று பி.ஆர்க்.கில் இல்லவே இல்லை. அந்த ரேங்க் கணக்கைத் தெரிந்துகொண்டு விருப்பப் பட்டியல் போட வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்களை நம்பிக்கையோடு மேலே வைக்கலாம், அங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது.

இவற்றோடு பன்னிரண்டாவது மதிப்பெண்ணின் எடையையும் பாருங்கள். கே.இ.ஏ. நாட்டாவையும் பன்னிரண்டாவதையும் பாதிக்குப் பாதி எடுக்கிறது. தமிழ்நாட்டில் 200-ம் 200-ம் சேர்த்து 400. அங்கே பன்னிரண்டாவதில் ஒரு சதவீதம் கூடினால் இரண்டு மதிப்பெண், நாட்டாவில் இரண்டு மதிப்பெண் கூடுவதற்குச் சமம். பிப்ரவரியில் வாரம் ஆறு நாள் ‘கிராஷ் கோர்ஸ்’ வைத்து போர்டு தேர்வைக் கெடுக்கும் வகுப்பு, ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது.

கே.இ.ஏ.யின் விருப்பப் பதிவில் ஓர் எச்சரிக்கை. மென்பொருள் மேலிருந்து கீழே போகும், ரேங்குக்கு முதலில் கிடைக்கும் இடத்தைக் கொடுத்துவிடும். கிடைக்காது என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே போடுவது தப்பு, கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியைப் பட்டியலில் வைப்பதும் தப்பு. இடம் ஒதுக்கிய பிறகு நாலு சாய்ஸ் வரும். முதலாவது, ஏற்றுக்கொண்டு சேர்வது. இரண்டாவது, இதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ளதுக்குக் காத்திருப்பது. மூன்றாவது, இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. நாலாவது, வெளியேறுவது. இரண்டுக்குப் பதில் மூன்றை அழுத்திக் கையில் இருந்த சீட்டைத் தொலைப்பவர்கள் வருடந்தோறும் உண்டு. பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போனும் வகுப்பின் ஆளிடம் இருக்கவே கூடாது.

ஸ்கோர் குறைந்த பிள்ளையிடம் “பரவாயில்லை, ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டியில் பேசி வைக்கிறேன்” என்று சொல்லும் வகுப்புகளும் உண்டு. கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. அங்கே கிடைப்பது பி.ஆர்க்.கா, இன்டீரியர் டிசைன் பட்டமா என்று பாருங்கள். பி.ஆர்க். என்றால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்று தேடிப் பார்த்துவிட்டு மட்டும் பணம் கட்டுங்கள். 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகாரமில்லாத பட்டத்தை வைத்து கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாமல் பெயருக்கு முன்னால் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போடவும் முடியாது. ஐந்து வருடம் முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்? தேடிப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.